"ரத்தம் பத்தாது" என்றால் போதுமா?

நானுஓயா பக்கத் தோட்டங்களில் சோர்ந்துபோய் கிளினிக் போகிற பெண்ணுக்கு அடிக்கடி கிடைக்கிற பதில்: "ரத்தம் பத்தாது, இந்தக் குளிசையப் போடு." ஏன் பத்தாது? அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணு சிறுத்துப்போகும். தலசீமியா மரபணுவைச் சுமப்பவருக்கும் அப்படித்தான். எதுவென்று பிரித்தறிய ஃபெரிட்டின், எச்.பி.எல்.சி. சோதனைகள் உண்டு. சுமப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. கணவன் மனைவி இருவருமே சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25% வாய்ப்பு. சொந்தத்துக்குள் கட்டுகிற நம்ம வழக்கத்தில் அப்படி இருவர் சேர வாய்ப்பு கூடுதல். ஜாதகம் பார்க்கிறோம், இதைப் பார்க்கிறோமா?

கடும் தலசீமியா உள்ள பிள்ளைக்கு 2 முதல் 5 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு பை ரத்தத்தில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கும். அதை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. இதயத்திலும் ஈரலிலும் படியும். ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு ஒரு நாள் பேரும் போகும்.

"தோட்டத்துச் சனத்துக்குச் சொன்னா வெளங்காது" என்கிறார்கள். கொழுந்து நிறுக்கையில் ஒரு கிலோ கழித்தால் ஏன் என்று கேட்கிற சனத்துக்கு ஹீமோகுளோபின் கணக்கு விளங்காதா? 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழிலேயே கேளுங்க:

என் ரத்தம் ஏன் குறையுது? தலசீமியா சோதிச்சீங்களா? ஃபெரிட்டின் எவ்வளவு? இரும்பை வெளியேற்றும் மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்?

குளிசையை நீங்களா நிறுத்தாதீங்க. எதுக்குன்னு கேட்காம வீட்டுக்கும் வராதீங்க.