வெண்மை மட்டுமே தூய்மை ஆகாது



பால் வாங்கும்போது நம் இல்லங்களில் எழும் ஐயம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் கலந்திருக்கிறார்களா? சற்று விவரம் அறிந்தோர் யூரியா, மாவு, சோப்புத்தூள் ஆகியவற்றையும் ஐயுறுவர். இவை அனைத்தும் மனிதக் கை செய்யும் கலப்படங்கள். பசுவின் வாய்வழியே சென்று, அதன் இரத்தத்தில் கலந்து, மடி வழியே இறங்கிவரும் நஞ்சைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. கறந்த பாலைக் கண்ணெதிரே வாங்கிவிட்டால் கவலை இல்லை என்று எண்ணுகிறோம். இந்த எண்ணம் திருத்தப்பட வேண்டும் என்பதே நமது கருத்து.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018ஆம் ஆண்டு நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றுள் சுமார் 93 சதவீதம் பருகுவதற்குப் பாதுகாப்பானவை எனக் கண்டறியப்பட்டது. எஞ்சியவற்றில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. பாதுகாப்பற்ற கலப்படம் காணப்பட்டவை வெறும் 12 மாதிரிகள். அஃப்ளடாக்ஸின் எம்1 என்னும் பூஞ்சை நச்சு வரம்பு மீறிக் காணப்பட்டவையோ 368. தமிழகத்தில் எடுக்கப்பட்ட 551 மாதிரிகளில் 88இல் அந்நச்சு வரம்பைக் கடந்திருந்தது. இதனைப் பாலில் எவரும் கலக்கவில்லை. ஈரத்தில் பூஞ்சை பிடித்த பிண்ணாக்கையும் சோளத்தையும் தின்ற பசுவின் உடல் வழியாகவே அது வந்தது. மனிதக் கையைவிடத் தீவனமே பெரிய வாயிலாக இருந்திருக்கிறது.

தீவனத்தின் வழியே பூஞ்சை நச்சு வருமெனில், உலோகங்களும் வரும். தண்ணீர், மண், புல், குப்பை ஆகியவற்றில் உள்ள ஈயம், காட்மியம், ஆர்செனிக் போன்றவை பசுவின் உடலைச் சேர்கின்றன. இறைவனின் படைப்பில் பசுவின் உடல் ஒரு வடிகட்டியாகவும் விளங்குகிறது. காட்மியத்தின் பெரும்பகுதி ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கிவிடுகிறது. பாலில் இறங்குவது குறைவே. ஆயினும் அவ்வடிகட்டி முழுமையானதன்று. குறிப்பாக ஈயம், சுண்ணாம்புச் சத்தைப் போலவே நடந்துகொள்ளும் இயல்புடையது. அது எலும்பில் சேர்ந்து தங்குகிறது. பால் சுரக்கும் காலத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும்போது தானும் உடன் கரைகிறது.

நூறு மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதற்காகவே பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிறோம். அதே பாலில் ஈயத்திற்குச் சர்வதேச உணவு நெறிமுறை அனுமதிக்கும் உச்ச வரம்பு ஒரு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் மட்டுமே. அதாவது ஐந்து கோடியில் ஒரு பங்கு. உட்கொண்ட ஈயத்தைக் குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரத்தத்தில் ஈயம் இருப்பதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்றும் அது எச்சரிக்கிறது. பாலை அதிகம் பருகுவோரும் குழந்தைகளே என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ஐந்து கோடியில் ஒரு பங்கை நாக்கு அறியாது, மூக்கு அறியாது. பால்மானி அடர்த்தியைக் காட்டும். கொள்முதல் நிலையத்து இயந்திரம் கொழுப்பையும் எஸ்.என்.எஃப். அளவையும் காட்டும். உலோகத்தை இவை காட்டுவதில்லை. காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் சாகாது. சுண்டக் காய்ச்சினால் நீர் குறைந்து, உலோகத்தின் செறிவு கூடவே செய்யும். ஆய்வகத்தில் மாதிரியை அமிலத்தால் செரிக்கச் செய்து, ஐ.சி.பி.-எம்.எஸ். போன்ற நுண்கருவியில் அளந்தால் மட்டுமே உண்மை தெரியும்.

ஈமான் கொண்ட நமக்கு இது அயலான சிந்தனை அன்று. உணவு ஹலாலாக இருப்பதுடன் தய்யிபாகவும், அதாவது தூயதாகவும் நல்லதாகவும் இருக்க வேண்டும் என்பது நம் மார்க்கம். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு, வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நாம் அனைவரும் அறிவோம். மேற்பரப்பைப் பார்த்து நிறைவடையாமல் உள்ளே கைவிட்டுப் பார்த்தார்கள். இன்று ஆய்வகச் சோதனை என்பது அவ்வாறு உள்ளே கைவிட்டுப் பார்க்கும் செயலே.

இச்சோதனையை எங்கே தொடங்குவது? பாலாற்றங்கரையில் தொடங்குவோம் என்கிறோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நம் சமுதாயத்தார் பலருக்குத் தலைமுறைகளாகச் சோறிட்டது. பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்தது அவ்வருவாயால்தான். அத்தொழிலின் கழிவு ஆற்றையும் கிணற்றையும் கெடுத்ததும் மறைக்கவியலாத உண்மை. 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை நிலைநாட்டியது இந்தப் பாலாற்று வழக்கில்தான். அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் செயல்பட்ட போதிலும், 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் தலையிட வேண்டியதாயிற்று.

இதைக் கொண்டு பாலாற்றங்கரைப் பால் நஞ்சு என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியமும், குரோமேட் ஆலைக் கழிவிலுள்ள கொடிய குரோமியமும் ஒன்றல்ல. மொத்த அளவை மட்டும் காட்டும் சோதனை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. எனவே முடிவுகளை வல்லுநர் துணையுடனே படிக்க வேண்டும்.

"வீணாகக் கிளறினால், இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் ஏழைப் பெண்ணின் வயிற்றில் அடிப்பதாகாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அவளுடைய பிழைப்பைக் கெடுப்பது சோதனை அன்று, வதந்தியே. ஆதாரமின்றிக் கைப்பேசியில் பரவும் ஒரு செய்தி ஓர் ஊரின் பால் விற்பனையையே முடக்கிவிடும். சோதனையோ பால் நன்றாக இருந்தால் அவளுக்குச் சான்றாகும். குறை இருந்தால் குற்றவாளி அவள் அல்லள், நீரையும் நிலத்தையும் கெடுத்தவரே என்று காட்டும்.

வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 40ஆம் பிரிவு, உணவை வாங்கும் எவரும் கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம் என்கிறது. உணவு தரம் தவறியது என அறிக்கை வந்தால், கட்டணத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. தனி ஒருவருக்கு இது பாரமாக இருக்கலாம். ஒரு மஹல்லா ஜமாஅத்திற்குப் பாரமன்று. கோடையில் ஒருமுறை, மழைக்குப்பின் ஒருமுறை, வெவ்வேறு தெருக்களின் பாலைச் சோதிக்கலாம். பாலோடு கிணற்று நீரையும் புல்லையும் சோதித்தால்தான் ஊற்றுக்கண் புலப்படும். மாட்டுக்காரரின் பெயரை வெளியிடாமல் முடிவுகளை மட்டும் அறிவிக்கலாம். குறை கண்ட இடத்தில் மாற்று நீருக்கும் நல்ல தீவனத்திற்கும் ஜமாஅத்தே உதவ வேண்டும். அச்செலவில் முதல் பங்கு தோல் தொழிலால் செழித்தோருடையதாக இருப்பதே நீதி.

மாடு வளர்ப்போரும் சிலவற்றைத் தவிர்க்கலாம். பழைய பேட்டரி, உதிர்ந்த பெயின்ட், எரித்த குப்பையின் சாம்பல் ஆகியவை கிடக்கும் இடத்தில் மாட்டை மேயவிடக் கூடாது. அவை ஈயத்தின் இருப்பிடங்கள். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கை விலை குறைவென்று வாங்குதலும் ஆகாது.

வாயில்லா ஜீவன் தனக்கு வைத்ததைத் தின்கிறது. நம் பிள்ளை நாம் கொடுத்ததைப் பருகுகிறது. இருவருக்கும் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் இல்லை. அந்த ஆற்றல் உள்ள நாம், வரும் ஜுமுஆவுக்குப் பின் நம் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் இந்த ஒரு கோரிக்கையை எழுத்தில் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.