பாலசுந்தரத்தின் தலைப்பாகை

மழையை நம்பி வாழும் தருமபுரி மாவட்டத்தில், கம்பைநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி வெளியூர் செல்வது புதிதன்று. வானம் பொய்த்த ஆண்டுகளில் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்வோர் உண்டு; கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரும் உண்டு. முன்பின் அறியாத ஒருவர் சோறிட்டதையும் வழிகாட்டியதையும் ஊர் திரும்பியவர்கள் நெகிழ்ந்து சொல்வார்கள். அந்த அன்பு போற்றத்தக்கதே. ஆயினும், அயல்மண்ணில் ஒருவருக்குக் கீழ் உழைப்பவருக்கு அதனினும் மேலான ஓர் உதவி தேவைப்படுகிறது. அது எத்தகையது என்பதை 1894இல் தென்னாப்பிரிக்காவின் தர்பன் நகரில் நடந்த நிகழ்ச்சி உணர்த்துகிறது.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் தர்பனை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் உழைக்க, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சென்றவர்கள் அவர்கள். 1911 வரை அவ்வாறு சென்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஒருவர் பாலசுந்தரம் என்னும் தமிழர்.

கிழிந்த உடையும், முன்பற்கள் இரண்டு உடைந்து குருதி வழியும் வாயுமாக அவர் ஒருநாள் இளம் வழக்கறிஞர் காந்தியின் முன் வந்து நின்றார்; முதலாளி அடித்திருந்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். வெள்ளையர் முன் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளி தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்பது அங்கிருந்த வழக்கம். இந்தியரான காந்தியின் முன்னும் அவ்வாறே நிற்க வேண்டும் என எண்ணிவிட்டார் அவர். அதைக் கட்டிக்கொள்ளுமாறு காந்தி சொன்னார். பாலசுந்தரம் தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டபோது முகத்தில் மலர்ச்சி தோன்றியதாகக் காந்தி தம் தன்வரலாற்றில் எழுதுகிறார்.

காந்தியின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த தமிழரே பாலசுந்தரத்தின் துயரைக் கேட்டு எடுத்துரைத்தார். அந்த எழுத்தர் இல்லையெனில், அழுகை மட்டுமே காந்தியின் செவியில் விழுந்திருக்கும். பின்னர் மருத்துவர் ஒருவர் காயத்தைச் சோதித்து உள்ளதை உள்ளவாறு எழுதிச் சான்றளித்தார். அடித்தவர் ஐரோப்பியர், சான்றளித்தவரும் ஐரோப்பியரே. சான்றையும் வாக்குமூலத்தையும் கண்ட நீதிபதி சினங்கொண்டு முதலாளிக்கு அழைப்பாணை விடுத்தார். இவர்களுள் எவரும் பாலசுந்தரத்தின் உறவினரல்லர், ஊராருமல்லர். ஒரு தாளில் உண்மையை எழுதுவது ஒரு கவளம் சோறுபோல் நெஞ்சைத் தொடாமல் போகலாம். ஆனால், தன்னைச் சார்ந்த வெள்ளையர் ஒருவருக்கு எதிராக அதை எழுத நெஞ்சுரம் வேண்டும்.

அந்த அன்பின் எல்லையையும் மறைத்தல் கூடாது. சாதாரண வேலைக்காரர் வேலையை விட்டு விலகினால், அவர்மீது உரிமை வழக்கு மட்டுமே தொடுக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளி விலகினாலோ அது குற்றம், அதற்குச் சிறையே தண்டனை. ஆகவே காந்தி முதலாளியின் தண்டனையை நாடவில்லை. பாலசுந்தரத்தை வேறோர் இடத்துக்கு மாற்றுவதையே நாடினார். இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளியை அமர்த்த இயலாதாகையால், ஐரோப்பியர் ஒருவரையே தேடிப்பிடிக்க நேர்ந்தது. முதலாளி மாறினார், ஒப்பந்தம் மாறவில்லை. நல்லவர் பலர் கூடியும் அடைய முடிந்தது அவ்வளவே. ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்கியோர்மீது சுமத்தப்பட்ட மூன்று பவுன் வரியும் நெடிய போராட்டத்துக்குப் பிறகு, 1914இல்தான் சட்டத்தால் நீங்கியது.

இன்று சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டமும் இருக்கிறது. எனினும் கடவுச்சீட்டை முதலாளி பறித்துவைத்துக்கொண்ட நாளில், தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு முன்னால் தேவைப்படுபவர், பேச்சைப் புரிந்துகொண்டு முறையீட்டை எழுதித்தரும் அண்டை அறைக்காரரே.

இக்காலத்தில் அயலார் நம்மிடமும் வருகிறார்கள். பீகார், ஒடிசா, சார்க்கண்டு மாநிலத்தவர் ஓசூரிலும் திருப்பூரிலும் உழைக்கிறார்கள். அடையாள அட்டை ஒரு மொழியிலும், மருத்துவமனைச் சீட்டு வேறொரு மொழியிலும், கூலிக்கணக்கு மேற்பார்வையாளரின் வாய்மொழியிலும் இருக்கும் வாழ்க்கை அவர்களுடையது. பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டவும் இயலாமல் நிற்கும் அவர்களுள் ஒருவர், அருகில் நிற்கும் பள்ளி மாணவரிடம்தான் முதலில் தம் சீட்டை நீட்டுகிறார்.