பேரேட்டுக்குக் காவல் யார்?

கடைக் கணக்குப்பிள்ளை பேரேட்டில் ஒரு தொகையைத் தப்பாக எழுதிவிட்டால் என்ன செய்வார்? சுரண்டி அழிக்க மாட்டார். குறுக்கே ஒரு கோடு போடுவார். பக்கத்தில் சரியான தொகையை எழுதிக் கையெழுத்துப் போடுவார். பழைய எண்ணும் தெரியவேண்டும், புதிய எண்ணும் தெரியவேண்டும். மாற்றியவர் யார் என்பதும் தெரியவேண்டும்.

இந்தக் காலத்து விஞ்ஞானிகளிடமும் இப்படி ஒரு பேரேடு இருக்கிறது. அதைக் காப்பவர்களுக்கு உரிய மதிப்புத்தான் கிடைக்கவில்லை.

ஸ்விட்சர்லாந்து நாட்டில், ஜெனீவா நகரத்தின் ஓரத்தில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது "செர்ன்" ஆராய்ச்சி நிலையம். 1954-ல் தோன்றியது. பூமிக்கு அடியில் 27 கிலோ மீட்டர் சுற்றளவில் வட்டமான சுரங்கம். அதற்குள் அணுவிலும் சிறிய துகள்களை, ஒளியின் வேகத்தை நெருங்கும்படி ஓட விட்டு, நேருக்கு நேர் மோத விடுகிறார்கள். "ஹிக்ஸ் போசான்" என்ற துகளைக் கண்டதாக 2012 ஜூலை 4-ந் தேதி அறிவித்தது இந்த நிலையம்தான். (இந்திய அரசு அன்பளிப்பாக அளித்த நடராஜர் சிலை ஒன்றும் 2004 முதல் அங்கே நிற்கிறது!)

அந்த மோதலை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. கருவிகள் அனுப்பும் குறிப்புகளைக் கம்ப்யூட்டர்தான் அலசுகிறது. எப்படி அலச வேண்டும் என்று அதற்குக் கட்டளை எழுதித் தர வேண்டும். ஒரு வரி, இரண்டு வரி அல்ல, லட்சக்கணக்கான வரிகள்! எழுதுகிறவர்களோ பல நாட்டு விஞ்ஞானிகள். ஒருவர் ஜப்பானில் இருப்பார், ஒருவர் இத்தாலியில் இருப்பார். ஒரே கட்டளையை இருவரும் ஒரே நாளில் திருத்துவார்கள்.

ஒரு வரி தவறினால் விடையே மாறிவிடும். பத்து வருஷம் கழித்து, "இந்த எண் எப்படி வந்தது?" என்று ஒருவர் கேட்டால், அன்றைக்கு இருந்த கட்டளையை அப்படியே எடுத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் கண்டுபிடிப்பின் மேலேயே சந்தேகம் வரும்.

அதற்காகத்தான் பேரேடு. யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்று ஒவ்வொரு திருத்தமும் அதில் பதிவாகும். செர்னில் முதலில் "சி.வி.எஸ்." என்ற முறையில் வைத்திருந்தார்கள். பிறகு "சப்வெர்ஷன்" வந்தது. இப்போது "கிட்". லினக்ஸ் புகழ் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உண்டாக்கிய முறை இது. வீடு மாறுவது போல ஒவ்வொரு முறையும் பழைய பதிவுகள் அத்தனையையும் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு துண்டுக் காகிதம்கூட வழியில் விழக் கூடாது. இந்த வேலையைச் செய்தவர்களின் படம் எந்தப் பத்திரிகையில் வந்தது?

எல்லாரிடமும் நகல் இருக்கிறதே!

"கிட் முறையில் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் முழு நகல் இருக்கிறது. பிறகு காவல்காரர் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு 2017-ல் நடந்த ஒரு சம்பவமே பதில்.

"கிட்லேப்" என்ற கம்பெனி இந்தப் பேரேடுகளை ஊருக்கெல்லாம் வைத்துக் காப்பாற்றுகிறது. அந்த வருஷம் ஜனவரி 31-ந் தேதி இரவு நேரம். களைத்துப் போயிருந்த ஓர் என்ஜினீயர் வேறு ஒரு கம்ப்யூட்டர் என்று நினைத்துத் தலைமைக் கம்ப்யூட்டரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் தவறு புரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட் போய்விட்டது. மிஞ்சியது நாலரை!

சரி, மாற்று நகலை எடுக்கலாம் என்று போனார்கள். அங்கேதான் இடி விழுந்தது. தினமும் நகல் எடுக்க வேண்டிய ஏற்பாடு வேலையே செய்யவில்லை. "வேலை செய்யவில்லை" என்று கம்ப்யூட்டர் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதமும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அதே என்ஜினீயர் வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த நகல்தான் மானத்தைக் காப்பாற்றியது.

கட்டளை வரிகளுக்குச் சேதம் இல்லை. ஆனால் "ஏன் மாற்றினோம்" என்று அந்த ஆறு மணி நேரத்தில் பலர் எழுதிய விவாதங்கள் போயின. அவை யாருடைய நகலிலும் கிடையாது. காவல் வீட்டில் மட்டுமே இருப்பவை. கம்பெனி எதையும் மறைக்காமல் ஊரறியச் சொன்னது, அதற்காகப் பாராட்டலாம்.

செர்னும் அதே கிட்லேப் முறையைத்தான் கையாளுகிறது. ஆனால் தன் சொந்தக் கம்ப்யூட்டர்களில், தன் சொந்தச் சிப்பந்திகளைக் கொண்டு. அதனால் அந்த இரவு அங்கே ஒரு பதிவும் அழியவில்லை.

இலவசம் எத்தனை நாளைக்கு?

"சொந்த வீடு எதற்கு? வெளியே இலவசமாக இடம் தருகிறார்களே!" என்று கணக்குப் பார்ப்பவர்கள் எல்லா நிலையங்களிலும் உண்டு. கூகுள் கம்பெனியும் "கூகுள் கோட்" என்று இலவச இடம் தந்தது. 2016 ஜனவரியில் கதவைச் சாத்தியது. முன்னறிவிப்பு கொடுத்தார்கள், உண்மை. கவனிக்க ஆள் இல்லாத பேரேட்டின் கதி என்ன?

2019-ல் இன்னொரு சங்கடம். அமெரிக்கச் சட்டத்தைக் காட்டி, "கிட்ஹப்" நிறுவனம் ஈரான், சிரியா போன்ற இடங்களில் இருந்தவர்களின் தனிப் பெட்டகங்களுக்குத் தடை போட்டது. ஈரானுக்கு 2021-ல்தான் தடை நீங்கியது. பல நாட்டார் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்யும் நிலையம், சாவியை ஒரே நாட்டுச் சட்டத்தின் கையில் கொடுக்கலாமா?

வெளியே வைப்பதே தப்பு என்பதல்ல. ஹிக்ஸ் துகளைக் கண்ட இரண்டு குழுக்களில் ஒன்றான "சி.எம்.எஸ்." தன் கட்டளைகளைக் கிட்ஹப்பில் உலகம் பார்க்க வைத்திருக்கிறது. நல்ல காரியம். பத்துப் பேர் பார்த்தால் பிழை சீக்கிரம் அகப்படும். ஆனால் வெளியே நகல் இருக்கட்டும், மூலம் வீட்டில் இருக்கட்டும்.

வீட்டில் வைத்தால் மட்டும் போதாது. மாதம் ஒரு முறையாவது மாற்று நகலைத் திறந்து, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்கும் ஆள் நிரந்தர உத்தியோகத்தில் இருக்க வேண்டும். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வருகிறவர் பழக்கம் பிடிபடும்போதே மூட்டை கட்டிவிடுவார். புதுக் காந்தம் வாங்கப் பணம் ஒதுக்கும் கூட்டத்திலேயே அவருடைய சம்பளத்தையும் ஒதுக்கலாம்.

செர்ன் சுரங்கத்தின் கருவிகளைப் புதுப்பித்து, 2030-ம் வருஷ வாக்கில் முன்னிலும் மும்முரமாக ஓட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அது ஓடும். இன்று எழுதும் கட்டளையை அன்று பிரித்துப் படிக்கப் போகிறவர்களில் பலர், இப்போது பலகையில் எழுத்துப் பழகும் குழந்தைகள்.