பறவை பார்க்கப் போவோமா, சகோதரிகளே?



"காடு பார்க்கப் போவோம், வாருங்கள்" என்று யாராவது அழைத்தால் எம்மில் பலருக்குச் சிரிப்புத்தான் வரும். மரங்களுக்குக் கீழே தறப்பாள் கட்டி மாதக்கணக்கில் இருந்தவர்கள் நாம். விறகுக்கும் தண்ணீருக்கும் பற்றைகளுக்குள் நடந்தவர்கள். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் களப்பைக் கடந்தவர்களும் எமக்குள் இருக்கிறார்கள். காடும் களப்பும் எமக்குப் பொழுதுபோக்கும் இடங்களாக இருந்ததில்லை.

இன்று அதே காட்டையும் களப்பையும் பார்ப்பதற்கென்றே கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். விடியமுன்னம் எழும்பித் தொலைநோக்கியோடு போய் நிற்கிறார்கள். அவர்கள் தங்கும் விடுதிகளில் எமது பெண்கள் அறை துப்புரவு செய்கிறார்கள், சமையலறையில் மீன் வெட்டுகிறார்கள். அவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்பதை மட்டும் எம்மில் பலர் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. அதனால்தான் இம்மாதம் இதை எழுதுகிறேன். மாதர் சங்கங்களோடு நான் போய்வந்த சில இடங்களைச் சொல்கிறேன்.

வங்காலை

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குப் போகும் வீதி தள்ளாடியைத் தாண்டியதும் இரு பக்கமும் தண்ணீரும் சதுப்பும் தெரியும். அந்தப் பகுதி 2008ஆம் ஆண்டு வங்காலை சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் ராம்சார் எனப்படும் உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பரப்பு 4,839 ஹெக்டெயர். கார்த்திகை முதல் பங்குனி வரை வடக்கேயுள்ள குளிர் நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான வாத்துகளும் கரையோரப் பறவைகளும் இங்கே வந்து தங்குகின்றன.

எல்லோரும் தேடுவது பூநாரையைத்தான். நீண்ட கால், வளைந்த அலகு. தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து, அலகால் சேற்றுநீரை அரித்துத் தின்னும். அதன் இளஞ்சிவப்பு நிறம் தின்னும் பாசியிலும் சிறிய இறால் வகையிலும் இருந்து வருவது. குஜராத்தின் கட்ச் உவர்நிலம் போன்ற இடங்களில் இவை கூட்டமாகச் சேற்றுக் கூடு கட்டுகின்றன. ஒரு சோடி ஒரு முட்டைதான் இடும். தாயும் தகப்பனும் மாறிமாறி அடைகாக்கும். குஞ்சுகள் சற்று வளர்ந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சில பெரிய பறவைகள் காவல் நிற்கும். இதைச் சொன்னபோது எமது முன்பள்ளி ஆசிரியை ஒருவர், "அப்ப இதுகளும் முன்பள்ளி வைச்சிருக்குதுகள்" என்றார்.

வங்காலைக்குப் பெரிய செலவு இல்லை. ஜீப் தேவையில்லை. வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் முதல்நாளே மன்னார் நகரில் தங்குவது நல்லது. சிறிய விடுதிகளும் வீட்டோடு சேர்ந்த அறைகளும் அங்கே இருக்கின்றன. நேரம் இருந்தால் கட்டுக்கரைக் குளத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மின்னேரியா

யானை என்றதும் படுவான்கரையிலிருந்து வந்த அக்கா ஒருவர், "எங்கட வாழைக்குச் சும்மா வாற யானையைக் காசு குடுத்துப் போய்ப் பாக்கிறதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேலியை உடைத்து வரும் யானையை இரவில் தீப்பந்தத்தோடு துரத்தியவர்களுக்கு யானை ஒரு காட்சிப்பொருள் அல்ல.

ஆனாலும் அந்த அக்கா வந்தார். மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளம் கோடையில் வற்றும்போது கரையில் இளம் புல் முளைக்கும். ஆவணி, புரட்டாதி மாதங்களில் அதைத் தின்பதற்குச் சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் திரளும். சில ஆண்டுகளில் 300 வரை கூடும் என்கிறார்கள். கூட்டத்தை நடத்துவது வயது மூத்த பெண் யானை. எங்கே தண்ணீர், எந்தப் பாதை பாதுகாப்பு என்பதெல்லாம் அதன் நினைவில் இருக்கும். தாய், சின்னம்மா, பெரியம்மா, பிள்ளைகள் என்று பெண்களும் குட்டிகளுமாகவே கூட்டம் இருக்கும். ஆண் யானைகள் வளர்ந்ததும் பிரிந்து போய்விடும். திரும்பி வரும்போது அந்த அக்கா சொன்னார்: "தோட்டத்தில கண்டது தனியன். குடும்பமா இண்டைக்குத்தான் கண்டன்."

திருகோணமலையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பஸ்ஸில் ஹபரணைக்கு வந்து அங்கே ஜீப் பிடிக்கலாம். பின்னேரம் நல்ல நேரம். அண்மைக் காலத்தில் சில ஆண்டுகளில் குளத்து நீர் வற்றாமல் நிற்பதால் யானைகள் கவுடுல்ல பக்கம் போய்விடுகின்றன. ஜீப் பேசும் முன்னர் யானை எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.

குமண, நெடுந்தீவு

குமண முன்னர் யால கிழக்கு என்று அழைக்கப்பட்டது. போரினால் 1985 தொடக்கம் 2003 வரை பூட்டிக் கிடந்தது. 2006இல் குமண என்ற பெயர் வந்தது. கும்புக்கன் ஆற்றுத் தண்ணீரால் நிறையும் பெரிய வில்லு ஒன்று அங்கே இருக்கிறது. சித்திரை முதல் ஆடி வரை கொக்கு, நாரை, கரண்டிவாயன் முதலிய பறவைகள் அந்த வில்லின் மரங்களில் கூடு கட்டும். கதிர்காமத்துக்கு நடந்து போன எமது தாய்மாருக்கு உகந்தையிலிருந்து போகும் இந்தக் காட்டுவழி நன்றாகத் தெரியும். தங்குவதற்குப் பாணமையிலும் பொத்துவிலிலும் அறைகள் எடுக்கலாம்.

நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்தக் கடலைக் கடக்கும்போது 1985ஐ நினைக்காத தீவார் இல்லை. கரையேறினால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் வெளியில் மேய்வதைக் காணலாம். 2015இல் இங்கே தேசிய பூங்கா ஒன்றும் பிரகடனம் செய்யப்பட்டது. கோடையில் குதிரைகளே தண்ணீருக்குத் தவிக்கும். ஆகவே குடிதண்ணீர் கொண்டு போங்கள்.

போகுமுன் கவனிக்க வேண்டியவை

ஆறு அல்லது எட்டுப் பேராகச் சேருங்கள். ஜீப் கூலி பங்காகும், துணையும் ஆகும். பூங்கா வாசலில் உள்நாட்டவருக்குக் கட்டணம் மிகக் குறைவு. அடையாள அட்டையை மறக்க வேண்டாம். பூங்காக்களுக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் பங்களாக்களும் உண்டு. அவற்றுக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

அறை எடுக்கும்போது வீட்டுக்காரப் பெண்ணோடு நேரில் அல்லது போனில் பேசுங்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, கழிவறை எங்கே, சாப்பாட்டோடு எவ்வளவு என்பதைக் கேட்டு எழுதிவையுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை எல்லா இடமும் முடிந்துவிடவில்லை. சிவப்புப் பலகை உள்ள இடத்தில் கால் வைக்க வேண்டாம். பறவைக்குப் பின்னால் பிள்ளைகள் பாதையை விட்டு ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வங்காலைக்கு வந்த ஒரு தங்கச்சி வானை விட்டு இறங்கவில்லை. திறந்த தண்ணீர்வெளியைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. ஒருவர் அவரோடு வானில் இருந்தார். அரைமணி நேரம் கழித்து அவராகவே இறங்கி வந்தார். வராவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் குழுவிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அவருக்கு நேரம் கொடுங்கள். "ஏன் பயப்படுகிறாய்" என்று கேட்க வேண்டாம்.

எமது வீட்டிலும் ஓர் அறை

போய்ப் பார்த்தவர்களுக்கே வருபவர்களின் தேவை விளங்கும். களப்போரமாகவும் குளத்தோரமாகவும் வீடுள்ள சகோதரிகள் யோசித்துப் பாருங்கள். பறவை பார்க்க வருபவர் ஏசி கேட்பதில்லை. சுத்தமான கட்டில், நுளம்பு வலை, ஒழுங்கான கழிவறை, ஐந்து மணிக்கு ஒரு தேத்தண்ணி, திரும்பி வந்ததும் சூடான பிட்டும் மீன்குழம்பும் போதும். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் 'ஹோம் ஸ்டே' என்று வீட்டு அறைகளைப் பதிவு செய்யும் முறை இருக்கிறது. விபரத்தைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். தனியாக இருக்கும் பெண்கள் தனியே தொடங்க வேண்டாம். பக்கத்து மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து, குடும்பமாகவோ பெண்களாகவோ வருபவர்களை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். கடன் எடுத்து அறை கட்டவும் அவசரப்பட வேண்டாம். வருமானம் சில மாதங்களுக்குத்தான் வரும். இருக்கும் அறையைத் திருத்தித் தொடங்கலாம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். ஆளுக்குச் சிறு தொகையாகச் சீட்டுப் போட்டால் கார்த்திகைக்குள் வங்காலைச் செலவு சேர்ந்துவிடும். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். களப்பைப் பற்றி நாம் அவர்களுக்குச் சொல்லியிருப்பதெல்லாம் ஓடிய கதை. பூநாரை நிற்கும் களப்பையும் அவர்கள் எம்மோடு நின்று பார்க்கட்டும்.