கோட்டை இழுத்தவர் யார்?

1670-இல் பிராங்பேர்ட் நகரின் தலைமைப் போதகராக இருந்த பிலிப் யாக்கோப் ஸ்பேனர் தம் வீட்டில் ஒரு கூட்டத்தைத் தொடங்கினார். பிரசங்கம் கேட்டுவிட்டுக் கலைந்துபோகும் சபையார் அங்கே ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள். வாசித்ததைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள். 1675-இல் அவர் வெளியிட்ட 'பியா டெசிடெரியா' அந்த வழக்கத்தை ஊரூராகப் பரப்பியது. இப்படிப் பிறந்த பக்தி எழுச்சி ஹாலே நகரில் பிராங்கே என்ற போதகரிடம் வேர்பிடித்தது. ஹாலேயில் படித்த மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1714-15இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சேறியது. வேத வாசிப்பில் பிராங்பேர்ட்டுக்கும் தமிழுக்கும் இப்படி ஒரு பழைய தொடர்பு இருப்பதால், வேத வசனங்களுக்கு இடையே உள்ள உறவைக் கணினியில் வலைப்பின்னலாக வரைந்து பார்க்கும் இன்றைய முயற்சி, பிராங்பேர்ட்டில் வாழும் தமிழருக்கு யார் வீட்டுச் சங்கதியோ அல்ல.

வசனத்துக்கு இணை வசனம் தேடும் ஆசை பழையது. நான்காம் நூற்றாண்டிலேயே செசரியாவின் யூசேபியஸ் நான்கு சுவிசேஷங்களையும் சிறு பகுதிகளாகப் பிரித்து எண்ணிட்டு, எதற்கு எது இணை என்று பத்து அட்டவணைகளில் காட்டினார். நம் வீடுகளில் இருக்கும் வேதாகமங்களிலும் ஒத்த வாக்கியங்களின் எண்கள் பொடி எழுத்தில் அச்சாகியிருப்பதைக் காணலாம். கணினி செய்வது அந்த எண்களை எல்லாம் ஒரே பார்வையில் விரித்துக் காட்டுவதுதான்.

இதில் உலகப் புகழ் பெற்ற படமும் ஒரு ஜெர்மானியரிடமிருந்தே தொடங்கியது. கிறிஸ்டோப் ரோம்ஹில்ட் என்ற லூத்தரன் போதகர் தாம் சேர்த்து வைத்திருந்த ஒத்த வாக்கியத் தரவுகளை 2007-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த கிறிஸ் ஹாரிசனுக்கு அனுப்பினார். இருவரும் சேர்ந்து வரைந்த படத்தில் வேதத்தின் 1,189 அதிகாரங்களும் அடியில் வரிசையாகச் சிறு கோடுகளாக நிற்கின்றன. வசனம் கூடக் கூடக் கோடு நீளும். 176 வசனங்கள் கொண்ட 119-ஆம் சங்கீதம் எல்லாவற்றையும் விட நீளமாகத் தொங்குகிறது. மேலே 63,779 வளைவுகள். இரண்டு அதிகாரங்களுக்கும் உள்ள தூரத்துக்கு ஏற்ப வளைவின் நிறம் மாறுகிறது. பார்த்த மாத்திரத்தில் மலைப்புத் தட்டும்.

அந்த மலைப்பில்தான் ஆபத்தும் இருக்கிறது. பழைய ஏற்பாட்டின் ஆபகூக் மூன்றே அதிகாரம், 56 வசனம் உள்ள சிறு நூல். அதன் இரண்டாம் அதிகாரம் நான்காம் வசனத்தை ரோமர், கலாத்தியர், எபிரெயர் என மூன்று நிருபங்கள் எடுத்தாள்கின்றன. லூத்தரின் இறையியல் உருவானதில் ரோமர் நிருபத்தில் வரும் அந்த வசனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இப்படி மூலநூலே சான்று சொல்லும் உறவும், இரண்டு இடங்களில் ஒரே சொல் வருவதைக் கண்டு பின்னாளில் ஒருவர் சேர்த்த உறவும் படத்தில் ஒரே மாதிரி வளைவாகத் தெரிகின்றன. யார் யாரிடமிருந்து எடுத்தார் என்ற திசையும் தெரிவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட இன்னொரு ஆங்கில ஒத்த வாக்கியத் தொகுப்பில் சுமார் 5 லட்சம் இணைப்புகள் இருக்கின்றன. அதே வேதம்தான், தொகுத்தவர் வேறு. புதிய ஏற்பாடு எஸ்தர் நூலை நேரடியாக மேற்கோள் காட்டவே இல்லை. அதற்காக, கோடு குறைந்த நூலைப் பயன் குறைந்த நூல் என்று யாராவது ஒதுக்கினால் அது பெரும் அநியாயம்.

ஒப்பீட்டின் உண்மையான பலத்தைப் பார்க்க பிராங்பேர்ட்டின் கோதே பல்கலைக்கழகத்துக்கே வரலாம். சினாய் மலை புனித கத்தரீனாள் மடத்தில், பழைய எழுத்தைச் சுரண்டி அழித்துவிட்டு மேலே ஜார்ஜிய மொழியில் எழுதிய தோல் ஏடுகள் கிடைத்தன. அடியில் மறைந்திருந்தது காக்கசஸ் பகுதியில் வழக்கொழிந்துபோன காக்கேசிய அல்பேனிய மொழி. அந்தப் பல்கலைக்கழகத்தின் யோஸ்ட் கிப்பர்ட்டும் பிற நாட்டு அறிஞர்களும் சேர்ந்து அதைப் படித்து 2008-இல் வெளியிட்டார்கள். வழிபாட்டு வாசகங்களும் யோவான் சுவிசேஷமும் என்று அடையாளம் காண, பிற மொழி வேதங்களோடு வரிவரியாக ஒப்பிட வேண்டியிருந்தது. அங்கே ஒவ்வொரு இணைப்புக்கும் காரணம் காட்டியாக வேண்டும்.

தமிழ் இலக்கியத்திலும் இத்தகைய ஒப்பீட்டு வலைக்கான மூலப்பொருள் கொட்டிக் கிடக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் பாட்டுகளுக்குக் கீழே 'ஒப்புமைப் பகுதி' என்று தனியே கொடுத்து, இந்தத் தொடர் வேறு எந்தெந்த நூலில் வருகிறது என்று எடுத்துக்காட்டியிருக்கிறார். கணினி இல்லாத காலத்தில் நினைவாற்றலாலும் உழைப்பாலும் நெய்த வலை அது. அதை ஏன் இன்னும் புத்தகத்துக்குள்ளேயே பூட்டி வைக்க வேண்டும்? 41 செவ்வியல் நூல்களை மையமாக வைத்து இயங்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இந்த வேலையைக் கையில் எடுக்க வேண்டும்.

எடுக்கும்போது கோட்டுக்கு வகையும் பெயரும் கட்டாயம் வேண்டும். மணிமேகலையில் சாத்தனார், 55-ஆம் குறளை அதன் புலவரைப் புகழ்ந்து சுட்டி, சொற்களோடு எடுத்தாள்கிறார். இது ஐயமற்ற மேற்கோள். அம்பின் திசையும் தெளிவு. ஆலத்தூர் கிழாரின் புறநானூறு 34 அப்படியல்ல. நன்றி மறந்தவருக்கு உய்வில்லை என்று அறம் சொன்னதாக அந்தப் பாட்டு கூறுகிறது. அது 110-ஆம் குறளையே சுட்டுகிறது என்பது ஒரு சாரார் முடிவு. காலக் கணக்கு இடிக்கிறது என்பது மறு சாரார் வாதம். இந்த இரண்டு உறவையும் ஒரே நிறக் கோட்டால் இணைத்தால் மாணவர் ஏமாந்துபோவார். புறம் 34-க்கு விட்டுவிட்டு வரும் புள்ளிக் கோடு போடலாம். அதைத் தொட்டால், யார் எந்த நூலில் எந்தப் பக்கத்தில் என்ன காரணம் சொன்னார்கள் என்பது திரையில் விரிய வேண்டும்.