ராத்தாவின் ஜிஞ்சர் பியரும் நம் வட்ஸ்அப் குழுமமும்

கொஞ்சம் நீளமான பதிவு. உட்துறைமுக வீதிப் பக்கத்து ஆட்கள், அதிலும் நம் ஏரியா வட்ஸ்அப் குழுமத்தில் இருப்பவர்கள், தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

இந்த நோன்பின் முதல் பத்தில் நம் ஒழுங்கையில் ஒரு ராத்தா இஞ்சிப் பானம் செய்து விற்கத் தொடங்கினார். மாப்பிள்ளை மவுத்தாகி, இத்தா முடிந்து, பிள்ளைகளோடு இருப்பவர். பேரைச் சொல்லத் தேவையில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். போத்தலில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, மகளின் கையெழுத்தில் “வீட்டு ஜிஞ்சர் பியர்” என்று எழுதியிருந்தார்கள். யாரோ அதைப் படமெடுத்துக் குழுமத்தில் போட்டார்கள். “நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீட்டில் பியர்!” அவ்வளவுதான். கீழே வரிசையாக அஸ்தஃபிருல்லாஹ். மூன்றே நாளில் ராத்தாவின் ஓடர் எல்லாம் நின்றுவிட்டது.

நாங்களும் அந்தக் குழுமத்தில்தான் இருந்தோம். இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. இந்தப் பதிவு அதற்கும் சேர்த்துத்தான்.

அதே கிழமை, அதே குழுமத்தில் இன்னொரு வீடியோவும் வந்தது. துருவிய இஞ்சியும் சீனியும் தண்ணீரும் ஒரு ஜாடியில் போட்டு, தினமும் கொஞ்சம் இஞ்சி, கொஞ்சம் சீனி சேர்த்து ஐந்தாறு நாள் நுரைக்க விட்டு, அதை இஞ்சிச் சாற்றில் ஊற்றிப் போத்தலில் அடைத்தால் “கெமிக்கல் இல்லாத இயற்கை சோடா”. இதற்கு மாஷா அல்லாஹ் என்று எத்தனை பேர்! பியர் என்ற சொல்லே அதில் இல்லை, அதனால் ஒருவருக்கும் சந்தேகமும் வரவில்லை.

இந்த இரண்டில் எது உண்மையில் பியர்ப் பக்கம் போகிறது என்பதைப் பேசத்தான் வந்தோம். எங்களுக்கு அதில் சொந்த அனுபவமும் இருக்கிறது, கொஞ்சம் வெட்கமான அனுபவம்.

எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் குடிக்காமல் வளர்ந்தவர்கள் இந்த ஊரில் குறைவு. பெருநாள் புரியாணிக்கு அது, வயிற்று மந்தத்துக்கும் அது. 1866இல் கொழும்பில் ஐஸ் கம்பனியாகத் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு. பேரில்தான் பியர் இருக்கிறது, சாமான் காபனேற்றிய மென்பானம். 2020 நோன்பில் ஊரடங்கு போட்டுக் கடைகள் பூட்டிக் கிடந்தபோது, அதை வீட்டில் அப்படியே செய்து பார்ப்போம் என்று எங்களுக்கு ஒரு ஆசை வந்தது. பேக்கரியும் பூட்டு என்பதால் பனிஸ் சுட வாங்கிய ஈஸ்ட் எல்லார் வீட்டிலும் இருந்த காலம் அது. இணையத்தில் பார்த்து இஞ்சிச் சாறு, சீனி, தேசிக்காய், ஒரு சிட்டிகை ஈஸ்ட் கலந்து ஆறு போத்தல் அடைத்து அலுமாரிக்குள் வைத்தோம்.

இரண்டாம் நாள் ஸஹருக்கு எழும்பிய நேரம் ஒரு கண்ணாடிப் போத்தல் வெடித்தது. சின்ன மகன் அலுமாரிக்கு நாலடி தள்ளி நின்றான். அல்லாஹ் காப்பாற்றினான். நம் ஊர் வெக்கையில் ஈஸ்ட் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று குளிர் நாட்டுக்காரரின் வீடியோ சொல்லாது. மீதிப் போத்தல்களைத் திறந்து மணந்து பார்த்தோம். இஞ்சி மணத்துக்குப் பின்னால் இன்னொரு மணம் இருந்தது. எல்லாவற்றையும் கானில் ஊற்றினோம்.

வெட்கம் என்று சொன்னது போத்தல் வெடித்ததற்காக இல்லை. நொதித்தலை வகுப்பில் வருடா வருடம் படிப்பிக்கிற ஆட்கள் நாங்கள். சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, மதுவம் குளுக்கோசை எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும் என்று சொல்லி, பிள்ளைகளைப் பாடமாக்க வைக்கிறோம். 180 கிராம் குளுக்கோசிலிருந்து 92 கிராம் எதனோல், 88 கிராம் வாயு. ஏறக்குறைய சரிபாதி. அப்படியென்றால் ஈஸ்டை வைத்து எவ்வளவு வாயு எடுக்கிறோமோ, கிட்டத்தட்ட அதே நிறைக்கு அற்ககோலும் அந்தப் போத்தலுக்குள் வந்தே தீரும். இது எங்கள் குசினிக்கு வந்தபோது எங்கள் மண்டையில் ஏறவில்லை.

கணக்கைப் பாருங்கள். கடைச் சோடா அளவுக்கு நுரைக்க வேண்டுமானால் ஒரு லீற்றரில் சுமார் 6 கிராம் வாயு கரைந்திருக்க வேண்டும். அதை ஈஸ்டிடம் கேட்டால் கூடவே 6 கிராம் எதனோல் தரும். கனவளவில் முக்கால் வீதம் அளவு வரும். அதோடு நின்றால் பரவாயில்லையே, நிற்காது. லீற்றருக்கு 100 கிராம் சீனி போட்டு, ஈஸ்ட் அதை முழுவதும் தின்ன விட்டால் ஆறு வீதத்தைத் தாண்டும். சாதாரண பியர் ஐந்து வீதமளவில்தான் இருக்கும்.

“நாங்கள் மூடியை அடிக்கடி திறந்து விடுகிறோமே” என்று ஒரு சகோதரி சொன்னார். திறந்தால் வெளியே போவது வாயு. அற்ககோல் போத்தலிலேயே இருக்கும். போத்தல் வெடிக்காது, ஆனால் உள்ளே கூடிக்கொண்டே போகும். “பாணிலும் ஈஸ்ட் இருக்கிறதே” என்று இன்னொருவர். சரி, ஆனால் பாண் போறணைக்குள் போகிறது, அங்கே பெரும்பகுதி ஆவியாகிவிடும். போத்தலை யாரும் சுடுவதில்லை.

“நாங்கள் ஈஸ்டே போடவில்லை, வெறும் இஞ்சிதான்” என்பதும் சரியான பதில் இல்லை. இஞ்சித் தோலிலேயே காட்டு மதுவம் இருக்கிறது. ஜாடி நுரைப்பதே அதனால்தான். இங்கிலாந்தில் ஜிஞ்சர் பியர் ஆரம்பத்தில் இப்படிப் புளிக்க வைத்த பானமாகத்தான் இருந்தது. வீடுகளில் அதற்கென்று வளர்த்த கட்டியைப் பிரித்து ஆராய்ந்து, அது மதுவமும் பற்றீரியாவும் கூடி வாழும் கூட்டம் என்று 1892இல் எழுதியவர் மார்ஷல் வார்ட். நம் நாட்டுக் கோப்பியை அழித்த இலை நோயை ஆராய 1880இல் இலங்கைக்கு வந்த அதே மனிதர்தான். பிறகு தொழிற்சாலைகள் வாயுவை வெளியிலிருந்து ஏற்றத் தொடங்கின, பழைய பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. முக்கால் வீதத்துக்கு என்ன ஹுக்மு என்பதை உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் ஹதீஸ் கிரந்தங்களை வாசித்தபோது ஒன்று எங்களைப் பிடித்து நிறுத்தியது. நபி (ஸல்) அவர்களுக்காக உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், அன்றும் மறுநாளும் மூன்றாம் நாள் மாலை வரையும் அருந்துவார்கள், அதற்கு மேல் மிஞ்சியதைத் தாம் அருந்தாமல் மற்றவருக்குக் கொடுக்கவோ ஊற்றிவிடவோ சொல்வார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அறிவித்தது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அப்துல் கைஸ் கூட்டத்தாருக்குச் சுரைக்குடுக்கை, குடைந்த மரக்கட்டை, தார் பூசிய பாத்திரம், ஜாடி ஆகியவற்றில் ஊறவைப்பது முதலில் தடுக்கப்பட்டது. அவற்றில் பானம் சீக்கிரம் மாறிவிடும் என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. பிற்பாடு பாத்திரங்களுக்கு அனுமதி வந்தது, போதை தருவது ஹராம் என்பது மாறவில்லை. பேரைப் பார்க்கவில்லை, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். நாம் கடதாசியைப் படமெடுத்தோம்.

மூன்றாம் நாள்தான் ராத்தாவின் வீட்டுக்குப் போனோம். முதலில் கதவைப் பாதிதான் திறந்தார். பிறகு குசினிக்கே கூட்டிப்போய்க் காட்டினார். ஈஸ்ட் இல்லை, ஊறப்போட்ட ஜாடியும் இல்லை. சீனிப்பாகும் இஞ்சிச் சாறும் பிரிஜ்ஜில் இருக்கும். அஸருக்குப் பிறகு கடைச் சோடாவை உடைத்துக் கலந்து, நோன்பு திறக்க முன் கொடுத்து முடித்துவிடுவார். இதில் புளிக்க நேரம் ஏது?

சோடாவில் செய்வது போலி, ஒறிஜினல் காரம் வராது என்பவர்களுக்காக அவர் சொன்ன பக்குவத்தையும் எழுதுகிறோம், அனுமதி கேட்டுத்தான். இஞ்சியைப் பச்சையாக அரைத்துப் பிழிந்து அரை மணித்தியாலம் வைத்தால் அடியில் வெள்ளை மா படியும். தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். அதைக் கொதிக்க வைக்கக் கூடாது. கொதித்தால் இஞ்சியின் காரம் மழுங்கிவிடும், வேதியியலும் அதையே சொல்கிறது. தொண்டையில் பிடிக்கிற அந்தக் கடுமைக்கு வேர்க்கொம்புத் தூளைச் சீனிப்பாகோடு சேர்த்துக் காய்ச்சி வடிக்கிறார், காய்ந்த இஞ்சிக்குக் காரம் கூட. ஒரு கராம்பு, கடைசியில் தேசிப்புளி. ஒரு பங்கு பாகுக்கு நான்கு பங்கு சோடா, இரண்டும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், சூட்டில் வாயு தங்காது. எலிபன்ட் ஹவுஸ் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தோம். இனிப்பு கொஞ்சம் குறைவு, காரம் கூட. எங்கள் வீட்டில் இப்போது இதற்குத்தான் போட்டி.

“அந்தக் கடதாசியில் வேற பேர் எழுதியிருக்கலாம் தானே” என்று குழுமத்தில் ஒருவர் கேட்டார். இருக்கலாம். ராத்தா இப்போது “இஞ்சிச் சோடா” என்று மாற்றிவிட்டார், மகளுக்குத்தான் மனமில்லை. ஆனால் முதல் நாளே அவர் வீட்டுக் கதவைத் தட்டி “இதுக்குள்ள என்ன?” என்று கேட்டிருக்க நம் எல்லாருக்கும் முப்பது அடி தூரம்தான் இருந்தது. அந்தப் படத்தைப் போட்டவர் எடுத்துவிட்டு ஒரு வரி எழுதினால் நல்லது. ஜாடியில் நுரைக்க வைத்திருப்பவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் இன்றே ஒரு மௌலவியிடம் கேளுங்கள், கண்ணாடிப் போத்தலில் மட்டும் அடைக்காதீர்கள்.

நோன்பு இன்னும் பன்னிரண்டு இருக்கிறது. ராத்தா நாளையிலிருந்து மறுபடி செய்கிறார், லுஹருக்கு முன் சொல்லிவிட வேண்டும். நாங்கள் ஐந்து போத்தலுக்குச் சொல்லியிருக்கிறோம். வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுக்க மறக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.