மீண்டும் அதே பேலுக்கா?

ஒரு பஞ்சுப் பேலின் எடை சுமார் 170 கிலோ. அதைப் புரட்டும்போது முதுகு பிடித்துக்கொண்ட தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. டாக்டர் மருந்து கொடுக்கிறார். சில வாரங்களில் 'வேலைக்குத் தகுதி' என்று சர்டிபிகேட்டும் எழுதிக் கொடுத்துவிடுகிறார். அதோடு கேட்டுக்குள் நுழைந்தவனை மேஸ்திரி எங்கே அனுப்புகிறார்? அதே பேலுக்குத்தான்!

மறுபடியும் முதுகு பிடித்தால், 'நடிக்கிறான்' என்ற பட்டம். மூன்றாம் முறை அவன் இடத்தில் பதிலி ஆள் நிற்கிறான்.

முதுகு வலிக்குப் படுக்கையே மருந்து என்று ஒரு காலத்தில் டாக்டர்களும் நம்பினார்கள். இன்று வைத்திய சாஸ்திரம் வேறு சொல்கிறது. எலும்பு முறிவோ, நரம்புக்குப் பெருங்கேடோ இல்லாத வலியில், நடமாடிக்கொண்டிருப்பவனே சீக்கிரம் தேறுகிறான். வேலையை விட்டு விலகியிருக்கும் மாதங்கள் கூடக்கூட, அவன் திரும்பி வருவதே அரிதாகிறது. ஆகவே முதலில் சில நாள் அரை ஷிப்ட், பளு தூக்காத வேலை, இடையிடையே நிமிர்ந்து நிற்க அவகாசம் என்று படிப்படியாக ஏற்றினால், பெரும்பாலோர் பழைய வேலைக்கே திரும்பலாம். இதை டாக்டர் செய்ய முடியாது. நிர்வாகம்தான் செய்ய வேண்டும்.

'இலகு வேலை இங்கே கிடையாது' என்கிறார்கள். கோன்களை எண்ணவும் லேபிள் ஒட்டவும் ஆள் வேண்டாமா? வேண்டும். ஆனால் முழுச் சம்பளக்காரன் அதில் உட்காரக்கூடாது என்பது முதலாளியின் கணக்கு.

1948-ம் வருஷத்து ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-வது பிரிவு, நோய்க்காலப் பணம் வாங்கும் நாட்களில் வேலைநீக்கம் செய்வதைத் தடுத்தது. பணமும் சிகிச்சையும் நின்ற மறுநாளைப் பற்றி அது மௌனம். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, பணிக்காலத்தில் உடல் திறன் இழந்த சர்க்கார் ஊழியரை நீக்கக்கூடாது, பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும் என்கிறது. சர்க்கார் ஆபீசில் நியாயமானது தனியார் மில்லில் மட்டும் எப்படி அநியாயமாகும்?

வயலில் நிலைமை இன்னும் மோசம். நாற்று நடக் குனிபவளுக்கும் நெல் மூட்டை சுமப்பவனுக்கும் ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, சர்டிபிகேட்டும் இல்லை. போகாத நாளுக்குக் கூலி கிடையாது. வலியோடு மறுநாளே குனிகிறாள். ஆண் ஒருவர் சுமக்கும் பளு 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-லேயே சிபாரிசு செய்தது. களத்து மேட்டிலும் தராசு இருக்கத்தான் செய்கிறது, நெல்லுக்காக!

அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சில் மில் சங்கங்கள் இதையும் கோரிக்கையாக வைக்க வேண்டும். அடிபட்டுத் திரும்புபவருக்குப் பழைய சம்பளத்திலேயே இலகு வேலை. எது இலகு வேலை, எத்தனை வாரம் என்பதை டாக்டரின் யோசனைப்படி, சங்கப் பிரதிநிதியையும் வைத்துக்கொண்டு எழுத்தில் முடிவு செய்வது. பேல் நகர்த்தத் தள்ளுவண்டி. விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள், அறுவடைக் கூலி பேசும் அன்றே மூட்டையின் எடையையும் பேசி முடிக்கட்டும்.